பாபநாசம் வக்கீலும் 11,000 அடி சினிமாவும்

குட்டீஸ், சினிமாவை எதால் அளப்பார்கள்? இரண்டரை மணி நேரப் படம், மூன்று மணி நேரப் படம் என்று நேரக் கணக்குத்தானே நமக்குத் தெரியும்? அந்தக் காலத்தில் சினிமாவை அடிக் கணக்கில் அளந்தார்கள். துணிக்கடையில் துணி அளப்பதுபோல! இந்தப் படம் 18,000 அடி, அந்தப் படம் 20,000 அடி என்பார்கள். படச்சுருளின் நீளம் அது.

உலகப் போர் நடந்தபோது, வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு நாள் கையில் கத்தரிக்கோல் எடுத்துக்கொண்டது. இனி யார் படம் எடுத்தாலும் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு போட்டது. அதோடு விட்டதா? என்ன மாதிரிப் படம் எடுக்க வேண்டும் என்பதிலும் மூக்கை நுழைத்தது.

அந்தக் காலத்தில் படம் எடுத்து, அரசாங்கத்திடம் அடியும் வாங்கி, பிறகு அதே அரசாங்கத்துக்காக ஒரு படமும் எடுக்க நேர்ந்தவர் நம்ம ஊர்க்காரர் ஒருவர். பெயர் கே. சுப்பிரமணியம். தமிழ் சினிமாவின் தந்தை என்று பலர் அவரைச் சொல்வதுண்டு.

நம்ம ஊர்க்காரர் என்றால் எந்த ஊர்? சீர்காழியில் தெற்கே போகும் ரயிலில் ஏறி உட்காருங்கள். வைத்தீஸ்வரன்கோவில், மயிலாடுதுறை, குத்தாலம், ஆடுதுறை, கும்பகோணம் என்று வயலும் வாய்க்காலுமாகப் போய்க்கொண்டே இருந்தால், சுவாமிமலை தாண்டி பாபநாசம் வரும். திருநெல்வேலிப் பக்கம் அருவி இருக்கிற பாபநாசம் இல்லை; இது காவிரிக்கரைப் பாபநாசம். அங்கே 1904-ஆம் வருடம் ஏப்ரல் 20-ஆம் தேதி பிறந்தார் சுப்பிரமணியம். அப்போது சீர்காழி, பாபநாசம் எல்லாமே ஒரே தஞ்சாவூர் ஜில்லாதான்.

அப்பா கிருஷ்ணசாமி ஐயர் வக்கீல். பையனும் சட்டம் படித்து, கும்பகோணத்தில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வக்கீலானார். வழக்குக்கு வழக்கு பணம், வீட்டுக்கு வீடு மரியாதை. அந்தக் காலத்துத் தஞ்சாவூர்க் குடும்பத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அவருக்குச் சினிமா ஆசை பிடித்துக்கொண்டது. அப்போது படங்கள் பேசாது. திரையில் ஆட்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். நடுநடுவே எழுத்து வரும். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வார். புதுக்கோட்டையைச் சேர்ந்த ராஜா சாண்டோ என்ற புகழ்பெற்ற நடிகர் சென்னையில் அப்படிப் பேசாப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் சேர்ந்து, கதையைக் காட்சி காட்சியாகப் பிரித்து எழுதும் வேலையைக் கற்றுக்கொண்டார் சுப்பிரமணியம்.

காக்காய் ஓட்டிய படப்பிடிப்பு

1931-இல் சினிமா தமிழ் பேசத் தொடங்கியது. மூன்று வருடம் கழித்து, 1934-இல், சுப்பிரமணியம் தன் முதல் பேசும் படத்தை இயக்கினார். 'பவளக்கொடி' என்று பெயர். கதாநாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர். அவரும் மாயவரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில் பிறந்தவர்தான். பாகவதருக்கும் கதாநாயகி எஸ்.டி. சுப்புலட்சுமிக்கும் அதுதான் முதல் படம். அதில் பாட்டு எத்தனை தெரியுமா? 50! கதை நடுவில் பாட்டு வந்ததா, பாட்டு நடுவில் கதை வந்ததா என்று கேட்கத் தோன்றும்.

சென்னை அடையாறில் படப்பிடிப்பு. பெரிய பெரிய மின்விளக்குகள் எல்லாம் கிடையாது. திறந்த வெளியில், சூரிய வெளிச்சத்தில்தான் எடுக்க வேண்டும். மேகம் வந்தால் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். மேகம் விலகினால் எழுந்திருப்பார்கள். அதைவிடப் பெரிய தொல்லை காக்காய். நடிக்கும்போதே குரலையும் பதிவு செய்த காலம் அது. சாப்பாட்டு வேளை முடிந்ததும் மிச்சம் மீதி பொறுக்கக் காக்காய்கள் கூட்டமாக வந்து கத்தும். பாகவதர் உருகி உருகிப் பாட, கூடவே காகாகா! துப்பாக்கியால் சத்தம் எழுப்பிக் காக்காயை விரட்டுவதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்களாம். சினிமாக்காரர்கள் பல காலம் சொல்லிச் சொல்லிச் சிரித்த சங்கதி இது.

படம் பெரிய வெற்றி. வக்கீல் கோட்டு அதோடு ஆணியில் தொங்கிவிட்டது.

அடுத்தடுத்து சுப்பிரமணியம் எடுத்த படங்கள், ராஜா ராணி கதைகளிலிருந்து விலகின. 1937-இல் 'பாலயோகினி' வந்தது. கணவனை இழந்த ஒரு பெண்ணையும் அவள் குழந்தையையும் சொந்தக்காரர்கள் விரட்டிவிட, வீட்டு வேலைக்காரர் தன் குடிசையில் இடம் கொடுக்கிறார். வேலைக்காரரோ தாழ்த்தப்பட்டவர் என்று ஊர் ஒதுக்கி வைத்த ஜாதி. இதைத் திரையில் காட்டியதும் தஞ்சாவூர் ஜில்லாவின் பழமைவாதிகள் கொதித்துப் போனார்கள். அந்தக் காலத்தில் கணவனை இழந்த பிராமணப் பெண்களுக்குத் தலையை மொட்டையடித்து, மூலையில் உட்கார வைக்கும் கொடுமை இருந்தது. அந்த வேடத்துக்கு உண்மையாகவே அந்த நிலையில் இருந்த ஒரு பெண்ணை நடிக்க வைத்தார் சுப்பிரமணியம். இன்று படித்தால் சாதாரணமாகத் தெரியும். 1937-இல் கும்பகோணம் பக்கத்து அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் அப்படிச் செய்ய எத்தனை துணிச்சல் வேண்டும் என்று உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

அதில் குழந்தையாக நடித்தது பேபி சரோஜா, சுப்பிரமணியத்தின் தம்பி மகள். அவளைப் பார்த்துச் சொக்கிப்போன ஜனங்கள், பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். உங்கள் தெருவில் சரோஜாப் பாட்டி யாராவது இருக்கிறார்களா?

1938-இல் 'சேவாசதனம்'. எம்.எஸ். சுப்புலட்சுமி முதன்முதலாக சினிமாவில் நடித்தது அதில்தான்.

காவிரிக்காரர்கள் சேர்ந்து எடுத்த படம்

1939. சென்னை மவுண்ட் ரோட்டில் சுப்பிரமணியத்தின் ஸ்டுடியோ. அங்கே 'தியாகபூமி' தயாரானது. கதை எழுதியவர் கல்கி. மயிலாடுதுறைப் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர். கதை தொடராக வந்தது 'ஆனந்த விகட'னில். அதன் அதிபர் எஸ்.எஸ். வாசன் திருத்துறைப்பூண்டிக்காரர். கதையின் நாயகரான சம்பு சாஸ்திரியாக நடித்தவர் பாபநாசம் சிவன். இவரும் கீழத்தஞ்சையில் போலகம் என்ற கிராமத்தில் பிறந்தவர். பார்த்தீர்களா? ஒரு படத்துக்குள் காவிரித் தண்ணீர் குடித்தவர்கள் எத்தனை பேர்!

படம் எடுக்க எடுக்க, அதன் காட்சிகளையே புகைப்படமாக்கி விகடனில் தொடர்கதைக்குச் சித்திரமாகப் போட்டார்கள். வாரா வாரம் கதை படிப்பவர்கள், அந்த முகங்கள் திரையில் எப்போது அசையும் என்று காத்திருந்தார்கள். விளம்பரத்துக்கு இதைவிட நல்ல யோசனை இன்றுவரை யாருக்கும் தோன்றவில்லை என்பது என் எண்ணம்.

கதை இதுதான். சம்பு சாஸ்திரி நெடுங்கரை கிராமத்துப் பெரியவர். புயலில் வீடிழந்த ஏழை மக்களுக்கு, ஜாதி பார்க்காமல் தன் வீட்டில் இடம் கொடுக்கிறார். ஊர் அவரை ஒதுக்கி வைக்கிறது. அவர் மகள் சாவித்திரியை மாப்பிள்ளை வீட்டார் கொடுமைப்படுத்தி விரட்டுகிறார்கள். அவள் தன் குழந்தையை அப்பாவிடம் விட்டுவிட்டு எங்கோ போகிறாள். வருடங்கள் கழித்து உமாராணி என்ற பணக்காரப் பெண்ணாகத் திரும்பி வருகிறாள். இப்போது கணவன் அவளைத் தேடி வருகிறான்! கோர்ட்டில் வழக்கும் போடுகிறான். அவளோ அவனோடு வாழ முடியாது என்று மறுத்து, நாட்டு விடுதலைக்குப் பாடுபடப் புறப்பட்டுவிடுகிறாள். காந்திக் குல்லாயும், கதர்க் கொடியும், ஊர்வலமும் திரை முழுக்க!

வெள்ளைக்காரன் ஆட்சியில் இப்படி ஒரு படத்தை எப்படி அனுமதித்தார்கள்? அதற்குக் காரணம் இருந்தது. 1937-இலிருந்து சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை நடந்துகொண்டிருந்தது. மேலே வெள்ளைக்கார கவர்னர் இருந்தாலும், மந்திரிகள் நம்மவர்கள். அதனால் சென்சார் கத்தரி கொஞ்ச காலம் மழுங்கியிருந்தது. 1939 மே 20-ஆம் தேதி படம் வெளிவந்தது. கொட்டகைகளில் கூட்டம் அலைமோதியது.

ஐரோப்பாவில் குண்டு, சென்னையில் தடை

அதே 1939, செப்டம்பர் 1. ஹிட்லரின் ஜெர்மன் படைகள் போலந்துக்குள் புகுந்தன. செப்டம்பர் 3-ஆம் தேதி பிரிட்டன் ஜெர்மனிமீது போர் தொடுத்தது. வைஸ்ராய், இந்தியாவும் போரில் இறங்கிவிட்டது என்று அறிவித்தார். இந்தியர்கள் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை! கேட்காமல் எங்களை எப்படிச் சண்டைக்கு இழுக்கலாம் என்று காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. அக்டோபரில் ராஜாஜியும் விலகினார்.

அவ்வளவுதான். கத்தரிக்குச் சாணை பிடித்தாகிவிட்டது. கவர்னரின் நேரடி ஆட்சி வந்ததும், காந்திக் குல்லாய் தெரிந்த படமெல்லாம் சந்தேகத்துக்கு ஆளானது. 1940-இல் 'தியாகபூமி'க்குத் தடை விழுந்தது. தடை வரப்போகிறது என்று தெரிந்ததும், சென்னை கெயிட்டி தியேட்டரில் டிக்கெட் இல்லாமல் இலவசமாகவே படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள் என்றும், கூட்டத்தைக் கலைக்கப் போலீசார் தடியடி நடத்தினார்கள் என்றும் சொல்வார்கள். எங்கோ வார்சாவில் விழுந்த குண்டின் அதிர்ச்சி, நெடுங்கரைச் சம்பு சாஸ்திரி மேல் வந்து விழுந்தது!

பம்பாயில் வேறொரு கூத்து நடந்தது. பாம்பே டாக்கீஸ் என்ற பெரிய சினிமா கம்பெனியில் இயக்குநர் ஃபிரான்ஸ் ஆஸ்டன், ஒளிப்பதிவாளர் ஜோசப் விர்ஷிங் என்று பல ஜெர்மானியர்கள் வேலை பார்த்தார்கள். போர் மூண்டதும் அவர்கள் எதிரி நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பிடித்து முகாமில் அடைத்தது அரசாங்கம். இயக்குநர் பாதியில் போய்விட்டால் படத்தை யார் முடிப்பது? இந்தியர்களே முடித்தார்கள்.

சுப்பிரமணியத்துக்குத் தடை மட்டும் கஷ்டமில்லை. அவருடைய மவுண்ட் ரோடு ஸ்டுடியோவில் தீப்பிடித்தது. பெரும் நஷ்டம். கடைசியில் ஸ்டுடியோ ஏலத்துக்கு வர, அதை வாங்கியவர் அவருடைய நண்பர் வாசன். அதுதான் ஜெமினி ஸ்டுடியோ ஆயிற்று. சென்னைக்குப் போனால் எல்லோரும் ஜெமினி மேம்பாலம் என்கிறார்களே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். அந்த மண்ணில் முதலில் படம் எடுத்தவர் நம் பாபநாசத்துக்காரர்.

சிங்கத்தைச் சுட்ட சென்னை

1941 டிசம்பரில் ஜப்பானும் போரில் குதித்தது. சிங்கப்பூர் விழுந்தது, பர்மா விழுந்தது. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நடுங்கினார்கள். முதல் உலகப் போரில், 1914-இல், எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசியது பெரியவர்களுக்கு ஞாபகம் இருந்தது. அவசியம் இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போங்கள் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ரயில் ஏறினார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் சொந்தக்காரர்கள் இருந்தவர்களுக்கு அதிர்ஷ்டம். அரிசிச் சோற்றுக்குக் குறைவில்லாத இடமாயிற்றே! குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று பயந்து, சென்னை மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலி, கரடிகளை எல்லாம் சுட்டுக் கொன்றார்கள். பாவம், அவற்றுக்கு என்ன தெரியும் ஹிட்லரையும் ஜப்பானையும் பற்றி?

ஊரே காலியானால் சினிமா யார் பார்ப்பார்கள்? அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று முளைத்தது. படம் எடுக்கிற ஃபிலிம் இந்தியாவில் அப்போது தயாராகவில்லை. அமெரிக்காவிலிருந்து கோடக், ஜெர்மனியிலிருந்து அக்ஃபா, பெல்ஜியத்திலிருந்து கேவார்ட் என்று எல்லாமே கப்பலில் வர வேண்டியவை. ஜெர்மனி எதிரி; பெல்ஜியம் எதிரியின் கையில். மிச்சம் இருந்த அமெரிக்க ஃபிலிமைக் கொண்டுவரவோ கப்பலில் இடமில்லை. துப்பாக்கியும் டாங்கியும் ஏறிக்கொண்டன. ஃபிலிம் செய்யும் ரசாயனப் பொருட்கள் வெடிமருந்து செய்யவும் உதவும் என்பதால் உலகம் முழுக்கத் தட்டுப்பாடு.

அப்போது வந்ததுதான் நாம் முதலில் பார்த்த அந்த 11,000 அடி உத்தரவு. ஒரு கணக்குப் போடுவோமா? ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். ஒரு அடி ஃபிலிமில் 16 படங்கள். அப்படியானால் ஒரு நொடிக்கு ஒன்றரை அடி, ஒரு நிமிடத்துக்கு 90 அடி. 11,000 அடியை 90-ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 122 நிமிடம், அதாவது இரண்டு மணி நேரம் இரண்டு நிமிடம்! மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிப் பழகிய தமிழ்ப் படத்துக்கு இது பாதிச் சாப்பாடு. 'பவளக்கொடி' மாதிரி 50 பாட்டு வைத்தால், பாட்டுத் தவிர வேறு எதற்கும் இடம் இருக்காது. பாட்டைக் குறைத்தார்கள், கதையை வேகமாகச் சொன்னார்கள். தட்டுப்பாட்டால் நடந்த நல்ல காரியம் என்று இதை மட்டும் சொல்லலாம். மூன்று தீபாவளி பார்த்தது என்று பெரியவர்கள் சொல்லும் பாகவதரின் 'ஹரிதாஸ்' இந்தக் கட்டுப்பாட்டுக் காலத்தில், 1944-இல் வந்த படம்தான். அதில் நடித்த தஞ்சாவூர் டி.ஆர். ராஜகுமாரியை 1941-இல் 'கச்ச தேவயானி' படத்தில் கதாநாயகியாக்கிப் புகழ் பெற வைத்தவர் சுப்பிரமணியம்.

1943-இல் இன்னும் இறுகியது. லைசென்ஸ் இருப்பவர்களுக்குத்தான் ஃபிலிம். அதோடு ஒவ்வொரு கொட்டகையிலும் ஒவ்வொரு காட்சியிலும் அரசாங்கம் தரும் போர்ச் செய்திப் படங்களைக் கட்டாயம் காட்ட வேண்டும். சீர்காழியில் பிறந்து பின்னாளில் வெண்கலக் குரலில் பாடிப் புகழ்பெற்ற சீர்காழி கோவிந்தராஜனுக்கு அப்போது 10 வயது. அவர் வயதுப் பிள்ளைகள் பாட்டுக்காகவும் சண்டைக்காகவும் கொட்டகைக்குப் போனால், முதலில் விமானமும் பீரங்கியும்தான் கண்ணில் படும்.

ஜெர்மனியில் என்ன நடந்தது?

இப்போது ஒரு நடை எதிரி நாட்டுக்கும் போய்வருவோம். அரசாங்கம் சினிமாவைக் கையில் எடுத்தால் எந்த எல்லைவரை போகும் என்பதை அங்கேதான் முழுசாகப் பார்க்கலாம்.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், பிரசாரத்துக்கென்றே ஒரு மந்திரியை வைத்தார். கோயபல்ஸ் என்று பெயர். யூதர்கள் யாரும் சினிமாவில் வேலை செய்யக்கூடாது என்று விரட்டினார்கள். ஃபிரிட்ஸ் லாங், பில்லி வைல்டர் மாதிரி பெரிய கலைஞர்கள் நாட்டைவிட்டே ஓடினார்கள். 1942-க்குள் உஃபா முதலான எல்லா சினிமா கம்பெனிகளும் அரசாங்கத்தின் சொத்தாகி ஒரே நிறுவனமாயின. கோயபல்ஸுக்குப் பிடிக்காத ஒரு காட்சி திரைக்கு வராது.

போரில் ஜெர்மனி தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில் 'கோல்பெர்க்' என்று ஒரு படம் எடுத்தார் அவர். சண்டைக் காட்சிகளுக்காக ஆயிரக்கணக்கான நிஜச் சிப்பாய்களைக் கொண்டுவந்து நடிக்க வைத்தார்கள். நிஜப் போருக்கே ஆளில்லாத சமயம்! படம் 1945 ஜனவரி 30-இல் வெளியானது. அதற்குள் பெர்லினில் பல கொட்டகைகள் குண்டு விழுந்து இடிந்திருந்தன. மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது.

அங்கே எரிக் கேஸ்ட்னர் என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். உங்களைப் போன்ற பிள்ளைகளுக்காக எழுதியவர். எமில் என்ற பையன் திருடனைப் பிடிக்கும் அவருடைய கதை உலகம் முழுக்கப் பிரபலம். 1933-இல் நாஜிகள் அவர் புத்தகங்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள். கூட்டத்தில் நின்று அதைத் தன் கண்ணாலேயே பார்த்தார் அவர். எழுதக்கூடாது என்று தடை வேறு. ஆனால் உஃபா கம்பெனிக்கு 25 வருடம் நிறைந்தபோது, பிரமாதமான ஒரு வண்ணப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். நன்றாக எழுதுகிற ஆள் வேண்டுமே! புத்தகத்தை எரித்தவர்களே கேஸ்ட்னரை எழுத விட்டார்கள், வேறு பெயரில். 'மூன்ஷாசன்' என்ற அந்தப் படம் 1943-இல் வந்தது. விஷயம் ஹிட்லர் காதுக்குப் போனதும் மறுபடி தடை!

அந்தச் சமயத்தில் கேஸ்ட்னர் இன்னொரு படத்துக்கும் கதை யோசித்து வைத்திருந்தார். பிரிந்துபோன அப்பா, அம்மாவைச் சேர்த்துவைக்க இரட்டைப் பெண்கள் ஆள்மாறாட்டம் செய்யும் கதை. தடையால் அது நின்றுபோனது. போர் முடிந்து 1949-இல் அதைப் புத்தகமாக்கினார். பிறகு அது அமெரிக்காவில் படமானது. அதைப் பார்த்து 1965-இல் தமிழில் எடுத்ததுதான் 'குழந்தையும் தெய்வமும்'. குட்டி பத்மினி இரண்டு வேடத்தில் வருவாரே, அதேதான்!

தடை போட்ட கையே படமும் கேட்டது

கேஸ்ட்னருக்கு நேர்ந்தது, வேறு விதத்தில், நம் சுப்பிரமணியத்துக்கும் நேர்ந்தது. சென்னை பெர்லின் அல்ல. இங்கே யாரும் அவருடைய படச்சுருளைத் தெருவில் போட்டு எரிக்கவில்லை. ஸ்டுடியோக்களையும் அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளவில்லை. ஆனால் ஃபிலிம் அரசாங்கத்தின் கையில் இருந்தது. ஃபிலிம் வேண்டுமென்றால், படம் எடுப்பவர்கள் போருக்கு ஆதரவாகவும் ஒரு படம் எடுத்துத் தர வேண்டும் என்ற நிலைமை வந்தது. 'தியாகபூமி'யைத் தடை செய்த அதே அரசாங்கத்துக்கு!

அவர் எப்படிப்பட்ட சங்கடத்தில் இருந்திருப்பார் என்று யோசியுங்கள். 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் தொடங்கி, காந்திஜியும் மற்றத் தலைவர்களும் சிறையில் இருந்தார்கள். அவருக்குக் கதை தந்த கல்கியே 1941-இல் சிறைக்குப் போய்வந்தவர். அப்படியிருக்க, அரசாங்கம் கேட்டதை எடுத்தால் தேசபக்தர்கள் என்ன நினைப்பார்கள்? எடுக்காவிட்டால் ஃபிலிம் கிடைக்காது. ஃபிலிம் இல்லாவிட்டால் ஸ்டுடியோ மூடும். தச்சர், தையற்காரர், சமையற்காரர், பக்கவாத்தியக்காரர் என்று அதை நம்பியிருந்த குடும்பங்கள் எத்தனை! தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையை வளர்த்தவர்களில் சுப்பிரமணியம் முக்கியமானவர். அதனால் இது அவர் ஒருவருடைய வீட்டுப் பிரச்னையும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருந்தது. ஜப்பான் வந்தால் சுதந்திரம் வரும் என்று சிலர் நம்பினார்கள். ஒரு எஜமான் போய் இன்னொரு எஜமான் வருவதில் என்ன லாபம் என்று சிலர் கேட்டார்கள். ராஜாஜியே ஜப்பானை எதிர்க்க வேண்டும் என்ற கட்சிதான். அதற்காகக் காங்கிரசை விட்டுக்கூட விலகி நின்றார். பர்மாவிலிருந்து நடந்தே தப்பி வந்த தமிழர்கள் வழியில் பட்ட பாட்டைச் சொல்லக் கேட்டவர்கள் நம் ஜில்லாவில் ஏராளம்.

1945-இல் சுப்பிரமணியத்தின் 'மானசம்ரட்சணம்' வந்தது. எஸ்.டி. சுப்புலட்சுமி கதாநாயகி. போர் ஆதரவுப் படம். அவர் மட்டும் எடுக்கவில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் டி.ஆர். சுந்தரம் 'பர்மா ராணி' எடுத்தார். வாசனின் ஜெமினியிலிருந்து 'கண்ணம்மா என் காதலி' வந்தது. எல்லாமே அதே 1945-இல். படங்கள் கொட்டகைக்கு வந்து சேர்வதற்குள் போரே முடிந்துகொண்டிருந்தது!

சுப்பிரமணியம் செய்தது சரியா, தப்பா? எனக்குக் கேட்டால், அவரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் 'பாலயோகினி', 'தியாகபூமி' என்று பேசுகிறவர்கள் யாரும் 'மானசம்ரட்சணம்' பற்றி அவ்வளவு பேசுவதில்லை. தானாகச் சொல்ல நினைத்த கதைக்கும், சொல்லச் சொன்ன கதைக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்?

இத்தனை நெருக்கடிக்கு நடுவிலும் அவர் சும்மா இருக்கவில்லை. சென்னை பாதி காலியாகக் கிடந்த அதே 1942-இல் 'நிருத்யோதயா' என்ற நாட்டியப் பள்ளியைத் தொடங்கினார். மறு வருடம் பிறந்த அவர் மகள் பத்மா, பின்னாளில் உலகமறிந்த நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் ஆனார். 1947-இல் சுதந்திரம் வந்தது. ஃபிலிம் கட்டுப்பாடெல்லாம் அதற்கு முன்பே போய்விட்டது. 1949-இல் 'கீத காந்தி' என்ற படம் எடுத்தார். இப்போது காந்தியின் பெயரைத் தலைப்பிலேயே வைக்கலாம். யாரும் தடியடி நடத்த மாட்டார்கள். 1952-இல் நடிகர் சங்கம் உருவானபோது அதிலும் முன்னால் நின்றார். 1971 ஏப்ரல் 7-ஆம் தேதி காலமானார். இன்றைக்கு நீங்கள் ஆட்டம் போடும் பாட்டுகளுக்கு இசையமைக்கிற அனிருத், அவருடைய கொள்ளுப்பேரன்!

சுப்பிரமணியத்தின் மகன் எஸ். கிருஷ்ணசாமி, எரிக் பார்னோ என்ற அமெரிக்கப் பேராசிரியரோடு சேர்ந்து இந்திய சினிமாவின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். 1963-இல் அமெரிக்காவில் அச்சானது. 11,000 அடி உத்தரவும், லைசென்சும், கட்டாயப் போர்ப் படங்களும் அதில் விவரமாகப் பதிவாகியிருக்கின்றன. அப்பா பட்ட பாட்டை மகன் எழுதிவைத்தார்.

அப்போது எடுத்த படங்களில் பாதிக்கு மேல் இன்று இல்லை. அந்தக் காலத்து ஃபிலிம் சட்டென்று தீப்பற்றும், வெப்பத்தில் கெட்டுப்போகும், சிலர் அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கி விற்றும் விட்டார்கள். அரசாங்கம் தடைபோட்ட 'தியாகபூமி' மட்டும் எப்படியோ தப்பித்தது. புனே நகரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. குளிரூட்டிய அறையில், தகரப் பெட்டிக்குள், சம்பு சாஸ்திரியும் சாவித்திரியும் பேபி சரோஜாவும் அங்கே சுருண்டு படுத்திருக்கிறார்கள்.